மூன்றாம் பின்னை என்ன செய்வது?

இந்த முறை வந்த கேள்விகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். சுற்றி வளைத்து எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஒரு பெட்டியின் முதுகில் ஆர்சிஏ (நடுவில் ஒரு குச்சி, சுற்றி ஒரு வளையம்), இன்னொன்றின் முதுகில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்கள் உள்ள பிளக்). இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஒலிப்பதிவுக் கூடங்களில் 30 வருடம் ஒயர் இழுத்து, ஈயம் உருக்கி, விரலைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். எந்த கம்பெனி ஆம்ப் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வருவதில்லை.

கேள்வி: என் டிஏசி-யில் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் பெட்டி) ஆர்சிஏ அவுட்புட் மட்டும்தான் உண்டு. புதிதாக வாங்கிய, உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கர்களில் எக்ஸ்எல்ஆர் இன்புட் மட்டும்தான். ஒருபக்கம் ஆர்சிஏ, மறுபக்கம் எக்ஸ்எல்ஆர் வைத்த ரெடிமேட் கேபிளைப் போட்டேன். பாட்டு வருகிறது, கூடவே மெல்லிய "ம்ம்ம்" சத்தமும் வருகிறது. பேலன்ஸ்டு இன்புட் என்றால் இரைச்சலே வராது என்றல்லவா சொன்னார்கள்?

பதில்: சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பேலன்ஸ்டு இன்புட், அதாவது இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் கேட்கும் இன்புட், இரைச்சலைத் தள்ளும், அதை வேலை செய்ய விட்டால். உங்கள் கேபிள் விடவில்லை.

ஆர்சிஏ-வில் இரண்டே தொடர்புகள். நடுக்குச்சியில் சிக்னல் போகிறது. வெளி வளையம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது: வெளி இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டும் அதுதான், சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதுதான். இதற்குப் பெயர்தான் அன்பேலன்ஸ்டு. வம்பு இந்த இரட்டை வேலையில் தொடங்குகிறது. இரண்டு பெட்டிகளின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. வீட்டு வயரிங்காலோ, ஒவ்வொரு பவர் சப்ளையிலிருந்தும் கசியும் மின்னோட்டத்தாலோ ஒரு சிறு வித்தியாசம் இருந்தே தீரும். அந்த வித்தியாசம் சும்மா இருக்காது, கேபிளின் வெளி வளையம் வழியாக ஓடும். கணக்குக்காக, ஷீல்டும் இரண்டு முனைத் தொடுப்புகளும் சேர்ந்து 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மில்லியாம்ப் ஓடினால் அரை மில்லிவோல்ட் உண்டாகும். டிஏசி-யின் ஆர்சிஏ வழக்கமாக அதிகபட்சம் 2 வோல்ட் கொடுக்கும். ஆக இரைச்சல் 4000-இல் ஒரு பங்கு, அதாவது 72 டெசிபெல் கீழே. தாளில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெளிவாகக் கேட்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 50, 100 ஹெர்ட்ஸிலும், 60 உள்ள நாடுகளில் 60, 120-லும் வரும்.

எக்ஸ்எல்ஆர் அந்த இரட்டை வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பின் 1 ஷீல்டு. பின் 2 நேர், பின் 3 எதிர். இன்புட் கவனிப்பது 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். இரண்டின் மேலும் சமமாக ஏறிவரும் இரைச்சல் அந்தக் கழித்தலில் அடிபட்டுப் போகும். பின் 2-இல் ஒரு அலை, பின் 3-இல் அதன் தலைகீழ் அலை என்று படம் போட்டு விளக்குவார்கள். அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரைச்சலைத் தள்ளுவதற்கு அது தேவையே இல்லை. எர்த்திலிருந்து பார்க்கும்போது இரண்டு கம்பிகளின் இம்பிடன்ஸும் (ஏசி மின்னோட்டத்துக்கான தடை) சமமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். தராசைப் போல. இரண்டு தட்டும் ஒரே எடை என்றால், காற்று அடித்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்.

இப்போது உங்கள் கேபிளுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் ஆர்சிஏ-எக்ஸ்எல்ஆர் கேபிள்களில் பல, எக்ஸ்எல்ஆர் மூடிக்குள்ளேயே பின் 3-ஐப் பின் 1-உடன் சேர்த்துவிட்டிருக்கும். உள்ளே போகும் ஒயர் ஒற்றைக் கம்பியும் ஷீல்டும் மட்டும். தராசின் ஒரு தட்டை ஆணி அடித்துத் தரையோடு நிறுத்திவிட்டார்கள். ஸ்பீக்கர் தன் எர்த்தை வைத்துத்தான் சிக்னலை அளக்கிறது. பழைய ஆர்சிஏ கதைதான், முனை மட்டும் மாறியிருக்கிறது.

செய்ய வேண்டியது இது: மைக் கேபிள், அதாவது உள்ளே இரண்டு கம்பிகளும் சுற்றி ஷீல்டும் உள்ள ஒயர் வாங்குங்கள். ஒரு கம்பி ஆர்சிஏ நடுக்குச்சியிலிருந்து பின் 2-க்கு. இன்னொரு கம்பி ஆர்சிஏ வெளி வளையத்திலிருந்து பின் 3-க்கு. ஷீல்டு, ஆர்சிஏ முனையில் அதே வெளி வளையத்தில் சேரும், எக்ஸ்எல்ஆர் முனையில் பின் 1-இல் சேரும். எக்ஸ்எல்ஆர் மூடிக்குள் 1-ம் 3-ம் தொடவே கூடாது. இப்போது ஸ்பீக்கர் தன் எர்த்தை விட்டுவிட்டு, டிஏசி-யின் எர்த்தையே பின் 3 வழியாகப் போய்ப் பார்க்கிறது. ஷீல்டில் ஓடும் குப்பை ஓடிக்கொண்டே இருக்கட்டும், அது சிக்னல் பாதையில் இல்லை. ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தை நடத்திய பில் விட்லாக் இந்த இணைப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி, மூடிக்குள் சேர்த்துவிட்ட கேபிளைவிட இது சுமார் 30 டெசிபெல் வரை இரைச்சலைக் குறைக்கும். ஒரே ஒரு கம்பிக்கு இது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. கையில் இருக்கும் கேபிள் எந்த வகை என்று மல்டிமீட்டரில் "பீப்" வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு வகையிலும் 1-க்கும் 3-க்கும் இடையே பீப் வரும், ஏனென்றால் சரியான கேபிளிலும் அவை ஆர்சிஏ முனையில் சேர்ந்துதான் இருக்கின்றன. மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே வழி. மூடி வார்த்து ஒட்டியதாக இருந்து திறக்க வராவிட்டால், அதைச் சந்தேகக் கேஸாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் சுத்தம் வேண்டுமென்று கை அரிப்பவர்களுக்கு: டிஏசி-யின் ஆர்சிஏ அவுட்புட் இம்பிடன்ஸ் 100 ஓம் என்று கையேட்டில் போட்டிருந்தால், பின் 3-க்குப் போகும் கம்பியில், ஆர்சிஏ மூடிக்குள், தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். தராசின் இரண்டு தட்டும் இப்போது உண்மையிலேயே சமம். நான் என் வீட்டில் வைத்திருக்கிறேன். வித்தியாசம் கேட்டதா என்றால், கேட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ப்ரீஆம்பில் (பவர் ஆம்புக்கு முன் வரும் பெட்டி) எக்ஸ்எல்ஆர் அவுட்புட், பவர் ஆம்பில் ஆர்சிஏ இன்புட். பின் 3-ஐ எர்த்தில் சேர்த்துவிடு என்கிறார் ஒரு நண்பர். சேர்த்தால் ப்ரீஆம்ப் போய்விடும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும். அவரவர் மனதில் இருக்கும் பெட்டி வேறு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், "எக்ஸ்எல்ஆரிலிருந்து அன்பேலன்ஸ்டுக்குப் போனால் மூன்றை ஒன்றில் போடு, கேள்வி கேட்காதே" என்பார். அங்கே இருந்ததெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட், அதனால் அவர் சொன்னது சரி. பிறகு வேறொரு கூடத்துக்குப் போனேன். அங்கே ஐசி வைத்த புது மிக்சர். நான் அதே பழக்கத்தில், ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து 16 கேபிள்கள் செய்து மாட்டினேன். மறுநாள் மெதுவான இடங்களில் எல்லாம் அருமை. பாடகர் குரலை உயர்த்தினால் மட்டும் ஒரு கரகரப்பு. இரண்டு நாள் பவர் ஆம்பைத் திட்டினேன், ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மிக்சரின் முதுகில் தற்செயலாகக் கை வைத்தால் சுடுகிறது. ஒரு பிளக்கைத் திறந்து, 1-க்கும் 3-க்கும் போட்டிருந்த இணைப்பைக் கட்டரால் நறுக்கினேன். கரகரப்பு போயிற்று. மீதி 15-ஐயும் உட்கார்ந்து நறுக்கினேன்.

காரணம் இதுதான். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் பின் 2-க்கு ஒரு ஆம்ப் ஐசி, பின் 3-க்கு தனியாக இன்னொரு ஆம்ப் ஐசி. பின் 3-ஐ எர்த்தில் போட்டால் அந்த இரண்டாவது ஐசி நேராக ஷார்ட்டுக்குள் மின்னோட்டத்தைத் தள்ள வேண்டும். தன்னால் முடிந்த எல்லை வரை தள்ளும், அப்புறம் அலையின் தலையை வெட்டும். வெட்டிய குப்பை எர்த் வழியாக நல்ல பக்கத்துக்கும் ஏறும். இந்த வகைக்குப் பின் 3-ஐச் சும்மா விட்டுவிட வேண்டும். பின் 2 நடுக்குச்சிக்கு, பின் 1 வளையத்துக்கு, 3 எதிலும் சேராமல். சத்தம் 6 டெசிபெல் குறையும், வேறு நஷ்டம் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட்டில் இதையே செய்தால் பாட்டு மெலிந்து, அடித்தளம் இல்லாமல், சில சமயம் வராமலே போகும். ஏனென்றால் சுருளின் ஒரு முனை அந்தரத்தில் தொங்குகிறது. அங்கே பின் 3 ஆர்சிஏ வளையத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். அதற்கும் மைக் கேபிள் போட்டு, 3-ஐத் தனிக் கம்பியில் கொண்டுபோய் ஆர்சிஏ முனையில் சேர்த்தால், ஷீல்டை அந்த முனையில் சேர்க்காமலே விட்டுவிடலாம். எர்த் லூப்பே, அதாவது இரண்டு பெட்டிகளின் எர்த்துக்கும் இடையே மின்னோட்டம் சுற்றும் வளையமே, அறுந்துபோகும். மூன்றாவதாக சர்வோ பேலன்ஸ்டு என்று ஒன்று உண்டு. எஸ்எஸ்எம்2142, டிஆர்வி134 போன்ற ஐசிகள், டிரான்ஸ்ஃபார்மர் போல நடிப்பவை. இவற்றில் 3-ஐ எர்த் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் எக்ஸ்எல்ஆர் முனையிலேயே செய்ய வேண்டும், கேபிளின் அந்தக் கோடியில் அல்ல. சத்தமும் குறையாது. நான்காவது, செலவைக் குறைக்கப் பின் 3-இல் சிக்னலே இல்லாமல் ஒரு ரெசிஸ்டரை மட்டும் எர்த்துக்குப் போட்டவை. இதைக் கேட்டதும் சிலர் ஏமாற்று வேலை என்று கொதிப்பார்கள். தராசுக் கதையை நினைத்துப் பாருங்கள், இதுவும் முறையான பேலன்ஸ்டுதான். இதில் 3-ஐ எப்படி விட்டாலும் ஒன்றும் ஆகாது.

உங்கள் ப்ரீஆம்ப் எந்த வகை? முதலில் கையேடு. கிடைக்காவிட்டால் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கேபிள் மாட்டாத எக்ஸ்எல்ஆரில் அளந்து பாருங்கள். 1-க்கும் 3-க்கும் இடையே ஒன்றுமே இல்லை என்றால் நான்காவது வகை. 1-2, 1-3 இரண்டும் சமமாக இருந்து, 2-3 அதைப்போல் இரட்டிப்பு என்றால் ஐசி ஜோடியாக இருக்கலாம், சர்வோவாகவும் இருக்கலாம். மீட்டர் அதைப் பிரித்துச் சொல்லாது. 2-3 மட்டும் நிலையாக நின்று மற்றவை அலைபாய்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர். சந்தேகம் என்றால் 3-ஐச் சும்மா விட்டு முதலில் கேளுங்கள். அதனால் எந்தப் பெட்டியும் சாகாது. ஒலி மெலிந்து கேட்டால் மட்டும் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, அளவு. வீட்டுப் பெட்டிகளின் எக்ஸ்எல்ஆர் பெரும்பாலும் 4 வோல்ட் கொடுக்கும், ஆர்சிஏ 2. 3-ஐச் சும்மா விட்டால் 4 தானாகவே 2 ஆகிவிடும், கணக்குச் சரி. ஸ்டுடியோ பெட்டியை வீட்டு ஆம்புக்குக் கொடுப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். ஸ்டுடியோவின் பிளஸ் 4 டிபியு என்பது 1.23 வோல்ட். வீட்டு மைனஸ் 10 டிபிவி 0.316 வோல்ட். இடையே ஏறக்குறைய 12 டெசிபெல். ஸ்டுடியோ ஸ்பீக்கர்களின் முதுகில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கும், கண்ணில் பட்டால் நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: என் பிளேயரில் ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உண்டு, ஆம்பிலும் அப்படியே. எக்ஸ்எல்ஆரில் இசை விரிந்து, உயிரோடு கேட்கிறது. கற்பனையா?

பதில்: கற்பனை இல்லை, சத்தம். 6 டெசிபெல் அதிகம். ஒரே பாட்டைக் கொஞ்சம் உரக்க வைத்தால் காது அதை "நல்லது" என்றுதான் தீர்ப்புச் சொல்லும், என் காதும் அப்படித்தான். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, இரண்டு வழியிலும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், சாதாரண மீட்டர்கள் அங்கே பொய் சொல்லும். அப்புறம் யாரையாவது மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, பார்க்காமல் கேளுங்கள். ஒரு மீட்டர் கேபிளில், ஹம் (அந்த "ம்ம்ம்" சத்தம்) இல்லாத அமைப்பில், பெரும்பாலும் உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. முடிந்தால் எழுதுங்கள், சந்தோஷமாக வெளியிடுகிறேன்.

கேள்வி: லேப்டாப்பின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு பவர்டு ஸ்பீக்கருக்கு, அதன் 6.35 மில்லிமீட்டர் ஓட்டையில், மூன்று தொடர்புகள் உள்ள பிளக் போட்டு இணைத்தேன். தாளமும் வயலினும் வருகின்றன, பாடகியைக் காணோம்! ஸ்பீக்கர் பழுதா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னிக்கவும். பாடகி எங்கேயும் போகவில்லை. நீங்கள்தான் கழித்துவிட்டீர்கள்.

டிஆர்எஸ் பிளக்கில் நுனி, வளையம், உறை என்று மூன்று. ஹெட்போனுக்கு நுனி இடது, வளையம் வலது. பேலன்ஸ்டு இன்புட்டுக்கு நுனி நேர், வளையம் எதிர். ஒரே பிளக், இரண்டு மொழி. ஸ்பீக்கர் நுனியிலிருந்து வளையத்தைக் கழிக்கிறது, அதாவது இடதிலிருந்து வலதை. பாடகியின் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும், அதனால் கழித்தால் பூஜ்யம். ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த தாளமும் வயலினும் மட்டும் தப்பித்துக்கொள்ளும். குரல் நீக்கும் கரோக்கே தந்திரமும் இதே கணக்குதான்.

இடது, வலது இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமானால், லேப்டாப் அமைப்பில் மோனோ என்று ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்கிவிட்டு இடது பக்கத்தை மட்டும் நுனிக்குக் கொடுங்கள், வளையத்துக்கு லேப்டாப்பின் எர்த். இரண்டு அவுட்புட்டையும் நேரடியாக ஒய் கேபிளில் முறுக்கிச் சேர்க்காதீர்கள். ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஹம் போக, ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். செய்தேன், நின்றுவிட்டது.

பதில்: இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். இந்தப் பக்கத்தின் மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்தப் பின் இசைக்காக வைத்தது அல்ல. உள்ளே ஒரு ஒயர் அவிழ்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், ஃபியூஸைப் போக்கி உங்களைக் காப்பாற்ற வைத்தது. அதை எடுத்துவிட்டால், பழுதான ஆம்பின் மின்சாரம் ஆர்சிஏ கேபிளின் வளையம் வழியாக மற்ற பெட்டிகளுக்கும், அவற்றைத் தொடும் கைக்கும் வரும்.

எர்த் லூப்பை அறுக்க வேண்டிய இடம் சிக்னல் பாதை. எங்கே என்று கண்டுபிடிக்க, ஆம்பை மட்டும் ஓடவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது ஹம் வருகிறதோ அது குற்றவாளி. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். தொலைக்காட்சியின் ஆன்டெனா அல்லது கேபிள் ஒயரையும் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த வீட்டு ஹம்களில் அதிகம் இந்த ஒயர் வழியாக வந்தவைதான், ஆனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. குற்றவாளி டிஜிட்டல் பெட்டி என்றால் ஆப்டிகல் கேபிள் போடுங்கள், கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ மின்சாரம் ஓடாது. இல்லையென்றால் லைன் லெவல் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை, சிக்னலை வாங்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். கட்டைவிரல் நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மலிவு டப்பாக்கள் ஹம்மோடு சேர்த்து பேஸையும் கெடுக்கும். இரும்பு போதாமல் அடித்தளத்தில் திணறிவிடும். கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் டிஐ பாக்ஸும் இதற்கு ஆகாது. அது சிக்னலை மைக் அளவுக்கு இறக்கிவிடும்.

கேள்வி: என் அமைப்பில் எல்லாமே எக்ஸ்எல்ஆர். இருந்தும் ஹம்.

பதில்: பின் 1 பிரச்சினையாக இருக்கலாம். சில பெட்டிகளில் பின் 1-ஐ நேராக உலோகப் பெட்டியில் சேர்க்காமல், உள்ளே சர்க்யூட் போர்டின் எர்த் வழியாகச் சுற்றி விட்டிருப்பார்கள். ஷீல்டில் ஓடும் குப்பை அப்போது போர்டுக்குள்ளேயே ஊர்வலம் போகும். கனடாவைச் சேர்ந்த ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் விழித்துக்கொண்டார்கள். 2005-இல் ஆடியோ என்ஜினீயரிங் சொசைட்டி ஏஇஎஸ்48 என்று தரமே கொண்டுவந்தது. பெட்டியைத் திறந்து திருத்துவது எல்லோராலும் ஆகாது. கேபிளில், சிக்னலை வாங்கும் பெட்டியின் பக்கத்து முனையில், மூடிக்குள், ஷீல்டை மட்டும் பின் 1-லிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். 2-ம் 3-ம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கேபிளில் மறக்காமல் ஒரு சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே மறந்துபோய், ஷீல்டு இல்லாத கேபிளை வேறெங்கோ மாட்டிவிட்டுத் தலையைச் சொறிவீர்கள். நான் சொறிந்திருக்கிறேன்.

கேள்வி: பழைய ஸ்டுடியோ ஆம்ப் ஒன்றில் "பின் 3 ஹாட்" என்று எழுதியிருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: பின் 2 நேர் என்பது ஏஇஎஸ்14 என்ற தரமாக வந்தது 1992-இல். அதற்கு முன் அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றில் 3-தான் நேர். இரண்டு சேனலும் அந்த ஒரே ஆம்பிலிருந்து வந்தால் அலை தலைகீழாகும், காதுக்குத் தெரியாது. ஒரு சேனல் மட்டும் அதன் வழியாக என்றால் பேஸ் காணாமல் போகும், அப்போது கேபிளில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிவிடுங்கள். ஆனால் எக்ஸ்எல்ஆரிலிருந்து ஆர்சிஏ-க்குப் போகிறீர்கள் என்றால், மேலே நான் 3-ஐப் பற்றிச் சொன்னதெல்லாம் அங்கே 2-க்குப் பொருந்தும்.

கேள்வி: சிடி பிளேயரின் ஏஇஎஸ் என்று எழுதிய எக்ஸ்எல்ஆரை ஆம்பின் எக்ஸ்எல்ஆரில் சொருகினேன். சத்தமே இல்லை.

பதில்: அது டிஜிட்டல் சிக்னல். ஓட்டை ஒன்றுபோல் இருக்கிறது என்பதைத் தவிர வேறு உறவில்லை. வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரெக்கார்ட் பிளேயரில் ஆர்சிஏ. நான் வாங்க நினைக்கும் ஃபோனோ ப்ரீஆம்பில் எக்ஸ்எல்ஆர் இன்புட். அன்பேலன்ஸ்டு மூலத்தை பேலன்ஸ்டில் கொடுத்து என்ன பயன் என்று கடைக்காரர் கேட்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரெக்கார்ட் பிளேயர் அன்பேலன்ஸ்டு அல்ல, அன்பேலன்ஸ்டு வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது.

கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் துண்டு) முதுகில் நான்கு பின்கள் இருக்கும். வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர், சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர். ஒவ்வொரு சேனலும் தனிச் சுருள், எர்த்தோடு தொடர்பே இல்லாமல் மிதக்கிறது. வீட்டு ஆடியோவில் இதைவிட இயல்பான பேலன்ஸ்டு மூலம் இல்லை. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மின் உலோகத்துக்கு என்று தனியாக ஒரு எர்த் ஒயர் தொங்குகிறதே, அதுகூட ஷீல்டு வேறு, சிக்னல் வேறு என்பதற்குச் சாட்சி. ஆர்சிஏ பிளக்கில் கொண்டுவந்து எதிர் முனையை வளையத்தில் சேர்ப்பதால்தான் இது அன்பேலன்ஸ்டு ஆகிறது. எம்சி (சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே கொடுக்கும். 4 வோல்ட் சிக்னலில் கவலைப்படாத இரைச்சல் இங்கே ராட்சசன். பேலன்ஸ்டு இணைப்பு எங்காவது உண்மையில் பலன் தரும் என்றால் இங்கேதான்.

வெள்ளை 2-க்கு, நீலம் 3-க்கு. ஆர்ம் எர்த் ப்ரீஆம்பின் எர்த் திருகுக்கு அல்லது பின் 1-க்கு. வலது பக்கமும் அதே போல். ஒரே ஒரு பொறி உண்டு. சில எம்எம் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களில் எதிர்ப் பின் ஒன்றை உலோகக் கூட்டோடு ஒரு சிறு தகட்டால் இணைத்திருப்பார்கள். அந்தத் தகட்டை நீக்காவிட்டால் ஒரு சேனல் மட்டும் எர்த்தைத் தொட்டுக்கொண்டு ஹம் அடிக்கும். மீட்டரை வைத்து கார்ட்ரிட்ஜ் சுருளை அளக்க வேண்டாம். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மெல்லிய சுருளுக்கு ஆகாது. கண்ணால் பாருங்கள்.

கேள்வி: 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஹெட்போன் அவுட்புட்டில், என் பழைய 6.35 ஹெட்போனை அடாப்டர் போட்டு மாட்டலாமா?

பதில்: வேண்டாம். பழைய ஹெட்போனில் இடது எதிர், வலது எதிர் இரண்டும் பிளக்கின் உறையில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப் வேலை செய்கிறது. அடாப்டர் அவற்றை நேருக்கு நேர் ஷார்ட் செய்யும். என் 16 கேபிள் கதைதான், ஆனால் இங்கே ஐசிக்குப் பின்னால் இருக்கும் சக்தி அதிகம், சூடு பார்த்துக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்காமல் போகலாம். மறுபுறம், பேலன்ஸ்டு பிளக் வைத்த ஹெட்போனை அடாப்டர் மூலம் சாதாரண ஆம்பில் மாட்டுவதில் தவறே இல்லை. எதிர் முனைகள் இரண்டும் எர்த்தில் சேரும், அவ்வளவுதான்.

பிரிட்ஜ் செய்த, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைக்கும் தனித்தனி ஆம்ப் வேலை செய்யும், கிளாஸ் டி ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சு. ஸ்பீக்கரின் கறுப்பு முனை அங்கே எர்த் அல்ல. சப்வூஃபரின் ஹை லெவல் ஒயரை (ஸ்பீக்கர் முனையிலிருந்து சிக்னல் எடுப்பது) அதில் மாட்டுவதற்கு முன், சப்வூஃபர் கையேட்டில் பிரிட்ஜ் ஆம்ப் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.